கரிஸ்மா யாரிடம் இருக்கிறது?

தேர்தல் நெருங்கினால் போதும், தொலைக்காட்சி விவாதங்களில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். "அவருக்கு கரிஸ்மா இருக்கு, இவருக்கு இல்லை." அரசியல்வாதிக்கு மட்டுமா? கிரிக்கெட் கேப்டன், நடிகர், கம்பெனி முதலாளி, மேடைப் பேச்சாளர் என்று யாருக்கும் ஒட்டவைக்கலாம். நாலு பேரைத் தன் பின்னால் வரவைக்கிற ஏதோ ஒன்று ஒருவரிடம் இருக்கிறது, அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்றால் கரிஸ்மா என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். வசீகரம், ஈர்ப்பு, முகராசி என்று நம்மிடம் இருக்கும் சொற்களும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கின்றன. எல்லாமே அந்த ஆளின் உடம்போடும் முகத்தோடும் பிறந்த குணமாக அதைப் பார்க்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர்கள் இரண்டு பேர்: முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவத் திருத்தூதர் பவுல், ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். இரண்டு பேருமே அப்படிப் பார்க்கவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தியில் 'கரிஷ்மா' என்று ஒரு சொல் உண்டு. அற்புதம், அதிசயம் என்று பொருள். இந்திப் பத்திரிகைகளில் 'கரிஷ்மாயி நேதா' என்று எழுதினால் மக்களைக் கவரும் தலைவர் என்று புரிந்துகொள்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்தான் என்று பலரும் நம்புகிறார்கள். இல்லை. இந்திச் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கடைக்கண் பார்வை, கண் சிமிட்டல், காதல் குறும்பு என்றெல்லாம் பொருள். கரிஸ்மா கிரேக்கம். எங்கெங்கோ பிறந்த இரண்டு சொற்கள் இந்திய அரசியல் செய்திகளில் வந்து கைகோத்துக்கொண்டன, அவ்வளவுதான்.

கிரேக்கத்தில் மூலச் சொல் 'காரிஸ்'. அருள், நயம், தயவு, நன்றி எல்லாம் அதற்குள் அடக்கம். இன்றைக்கும் கிரேக்கர்கள் நன்றி சொல்ல 'எஃப்காரிஸ்தோ' என்கிறார்கள். கத்தோலிக்கர்கள் நற்கருணைக்குச் சொல்லும் யூக்கரிஸ்ட் என்ற பெயரும் இதே குடும்பம்தான். தர்மத்தைக் குறிக்கும் சாரிட்டி மட்டும் பார்க்க உறவுபோலத் தெரிந்தாலும் வேறு வீட்டுப் பிள்ளை. அது லத்தீன்.

காரிஸ் ஒருவர்மேல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஒரு நல்ல காட்சி இருக்கிறது. இதாகா தீவின் இளவரசன் டெலிமேக்கஸ், போருக்குப் போன அப்பா திரும்பி வராத நிலையில், முதன்முறையாக ஊர்ச்சபையைக் கூட்டுகிறான். அம்மாவை மணக்க வந்து வீட்டிலேயே தங்கித் தின்று தீர்க்கும் கும்பலை விரட்ட வேண்டும். அவன் சபைக்கு நடந்து வரும்போது அதீனா தேவி அவன்மேல் காரிஸைச் சொரிகிறாள். கூட்டம் முழுக்க அவனையே பார்க்கிறது. பெரியவர்கள் வழிவிட, அப்பாவின் இருக்கையில் போய் உட்காருகிறான். இன்றைய தலைவர் மேடையேறும் காட்சிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பேசி முடிக்கும்போது கையிலிருந்த கோலைத் தரையில் வீசியடித்துவிட்டு அழுதுவிடுகிறான். எல்லாரும் இரக்கப்படுகிறார்கள். காரியம் மட்டும் நடக்கவில்லை. தேவி கொடுத்தது எல்லாரையும் பார்க்கவைத்தது. பின்னால் வரவைக்க அது போதவில்லை.

காரிஸ் பழைய சொல். அதிலிருந்து கிளைத்த 'காரிஸ்மா'வை பவுலுக்கு முந்தைய கிரேக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தயவாகக் கொடுக்கப்பட்ட பொருள், அதாவது கொடை என்பது நேர்ப்பொருள். புதிய ஏற்பாட்டில் இச்சொல் 17 இடங்களில் வருகிறது. பேதுருவின் கடிதத்தில் வரும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் பவுலின் பெயரில் உள்ள கடிதங்கள்தான். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இது ரொம்பவே பழக்கமான சொல், வேறு உருவத்தில். "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ..." என்று ரோமர் கடிதத்தில் வருகிறதே, அந்தக் 'கிருபைவரம்'தான் கரிஸ்மா. கிருபையும் வரமும் சேர்ந்த அந்த மொழிபெயர்ப்பு கிரேக்கத்துக்கு மிகவும் நெருக்கமானது. கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் 'அருள்கொடை' என்று இருக்கும்.

இந்தச் சொல்லை பவுல் அழுத்திப் பிடிக்கக் காரணம் கொரிந்து நகரத்துத் தகராறு. கி.பி. 50களின் நடுவில் அங்கிருந்த சிறிய கிறிஸ்தவ சபையில் சிலர் ஆவி நிறைந்து, யாருக்கும் புரியாத பாஷைகளில் பேசினார்கள். அது பார்ப்பவர்களை மிரளவைத்தது. பேசியவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. மற்றவர்கள் தங்களை இரண்டாம்தரமாக நினைக்க ஆரம்பித்தார்கள். பவுல் என்ன செய்தார் என்றால், கரிஸ்மாவைப் பங்குபோட்டுவிட்டார். ஞான வார்த்தை ஒருவனுக்கு, குணமாக்கும் வரம் இன்னொருவனுக்கு, தீர்க்கதரிசனம் வேறொருவனுக்கு. வரங்கள் பல, கொடுக்கிற ஆவி ஒன்றே. கூர்ந்து பார்த்தால் அந்தப் பட்டியலில் உதவி செய்வதும் நிர்வாகம் செய்வதும்கூட வருகின்றன. கணக்கு வழக்கு பார்க்கிறவருக்கும் கரிஸ்மா உண்டு என்று இன்றைக்கு யாராவது சொன்னால் சிரிப்போம். பவுல் அதைத்தான் சொன்னார்.

வரம் பெற்றவனின் பெருமைக்காக அல்ல, சபையின் பயனுக்காகவே வரம் தரப்பட்டது என்பது அவர் கணக்கு. புரியாத பாஷையில் பதினாயிரம் வார்த்தை பேசுவதைவிட மற்றவர்களுக்குப் புரியும்படி ஐந்து வார்த்தை பேசுவதே மேல் என்கிறார். அன்பு இல்லாவிட்டால் தூதர் பாஷை பேசினாலும் சத்தமிடுகிற வெண்கலம்தான் என்ற புகழ்பெற்ற அதிகாரமும் இந்தத் தகராறின் நடுவில் எழுதப்பட்டதே. திருமண வீடுகளில் அதை வாசிக்கும்போது அது தலைக்கனம் பிடித்தவர்களுக்கு எழுதிய கண்டனம் என்பது மறந்துபோகிறது.

இன்னொரு விஷயம். பவுலைப் பற்றி கொரிந்துக்காரர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். கடிதம் பலமாகத்தான் இருக்கிறது, ஆளை நேரில் பார்த்தால் பலவீனம், பேச்சும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை என்றார்களாம். கரிஸ்மா என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவருக்கு, இன்றைய பொருளில், கரிஸ்மா இல்லை.

பிறகு சொல் தூங்கப் போய்விட்டது. இரண்டாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் மொண்டானுஸ் என்பவரும் பிரிஸ்கில்லா, மாக்ஸிமில்லா என்ற இரு பெண்களும் ஆவி தங்கள்மூலம் நேரடியாகப் பேசுவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்தபோது, ஆயர்கள் அவர்களை ஒதுக்கினார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து 'கடவுள் என்னிடம் சொன்னார்' என்றால் ஆயருக்கு என்ன வேலை? வரங்களின் இடத்தைப் பதவிகள் பிடித்தன. லத்தீன் வேதாகமத்திலும் பெரும்பாலான இடங்களில் அருள் என்ற பொதுச்சொல்லே அதற்குப் பதிலாக வந்தது. அதற்கப்புறம் பல நூற்றாண்டுகளுக்கு கரிஸ்மா இறையியல் புத்தகங்களின் சொல்லாகவே இருந்தது.

அதைத் தட்டி எழுப்பியவர் ஒரு சட்டப் பேராசிரியர். ஜெர்மனியின் ருடால்ஃப் சோம், 1892-இல் திருச்சபைச் சட்டத்தைப் பற்றி எழுதிய நூலில், ஆதி சபை சட்டத்தால் அல்ல, வரங்களால் நடந்தது என்றார். சட்டம் நுழைந்ததே கோளாறு என்றும் வாதிட்டார். அதைப் படித்தவர் மாக்ஸ் வேபர். அவருக்கு கிறிஸ்தவத்தை மீட்கும் நோக்கம் எதுவும் இல்லை. சோமின் சொல்லைச் சபைக்கு வெளியே எடுத்துவந்து உலகம் முழுக்கப் பொருத்திப் பார்த்தார்.

வேபர் கேட்ட கேள்வி எளிமையானது: ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏன் கேட்கிறார்? அடித்துப் பணியவைப்பதை விட்டுவிடுவோம். மனமுவந்து கீழ்ப்படிவதற்கு அவர் மூன்று காரணங்கள் சொன்னார். ஒன்று மரபு: அப்பா காலத்திலிருந்து இப்படித்தான். இன்னொன்று சட்டம்: தாசில்தார் கையெழுத்துக்கு மதிப்பு, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது முக்கியமில்லை. மூன்றாவது கரிஸ்மா. மரபும் இல்லை, விதியும் இல்லை. இவர் சாதாரண ஆள் இல்லை என்ற நம்பிக்கை மட்டும். 'முன்னோர்கள் அப்படிச் சொன்னார்கள், நான் இப்படிச் சொல்கிறேன்' என்ற இயேசுவின் தோரணையை வேபர் இதற்கு உதாரணமாகக் காட்டுவார்.

இங்கேதான் பலர் தவறவிடும் வரி வருகிறது. அந்த ஆளிடம் நிஜமாகவே அபூர்வ சக்தி இருக்கிறதா என்பது வேபருக்குப் பொருட்டே இல்லை. பின்தொடர்பவர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று வெளிப்படையாக எழுதினார். அதனால் அவருடைய உதாரணங்கள் விநோதமான கூட்டமாக இருக்கும். தீர்க்கதரிசிகள் இருப்பார்கள், பக்கத்திலேயே வெறிபிடித்துச் சண்டையிடும் வட ஐரோப்பியப் போர்வீரன், சாமியாடி, மோர்மன் மதத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித் எல்லாரும் இருப்பார்கள். ஸ்மித் ஒருவேளை கைதேர்ந்த மோசடிக்காரராகவும் இருக்கலாம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு, ஆனாலும் பட்டியலில் வைத்திருக்கிறார். பவேரியாவில் புரட்சி ஆட்சி அமைத்த கூர்ட் ஐஸ்னரும் அந்தப் பட்டியலில் உண்டு. வேபருக்கு அவரைக் கொஞ்சமும் பிடிக்காது. 1919 ஜனவரி 28 அன்று மியூனிக் மாணவர்களுக்கு அரசியலைப் பற்றி வேபர் ஆற்றிய பேருரையில்தான் இந்த மூன்று வகைகளையும் சுருக்கமாக விளக்கினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 21 அன்று அதே நகரத்தில் ஐஸ்னர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூனில் வேபரும் நிமோனியாவில் இறந்தார்; கரிஸ்மா பற்றிய விரிவான எழுத்து அவர் மனைவி மரியன்னாவின் முயற்சியில் பிறகுதான் புத்தகமானது.

நம்பிக்கைதான் முதல் என்றால், நம்பிக்கை போனால் முதலும் போச்சு. கரிஸ்மா உள்ளவர் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். போர்த்தலைவன் வெல்ல வேண்டும், சாமியார் குணப்படுத்த வேண்டும். இதற்கு வேபர் காட்டுவது சீனப் பேரரசரை: வெள்ளம், வறட்சி வந்தால் சக்கரவர்த்தியே ஊரறியத் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, வானத்தின் ஆதரவு அவருக்குப் போய்விட்டதோ என்ற சந்தேகம் எழும். புறநானூற்றில் வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் சொல்வதும் இதுவேதான். மழை பொய்த்தாலும், விளைச்சல் குறைந்தாலும், "காவலர்ப் பழிக்கும் இக்கண்அகன் ஞாலம்". அதாவது, இந்த அகன்ற உலகம் அரசரைத்தான் பழிக்கும். அந்தப் பாட்டு உழவர்களுக்கு வரிச்சலுகை கேட்டுப் பாடியது என்பது கூடுதல் சுவை.

வேபர் சொன்னதற்கு நல்ல சான்று அவர் இறந்த சில மாதங்களில் இந்தியாவில் கிடைத்தது. 1921 பிப்ரவரி 8 அன்று காந்தி கோரக்பூருக்கு வந்தார். தங்கியது ஒரு நாள்கூட இல்லை. பேசிவிட்டு அன்றே கிளம்பிவிட்டார். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அந்த மாவட்டத்துக் கிராமங்களில் பரவிய கதைகளை வரலாற்றாசிரியர் ஷாஹித் அமீன் உள்ளூர்ப் பத்திரிகைகளிலிருந்து திரட்டி 1984-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். கிணற்றிலிருந்து புகை எழுந்து தண்ணீரில் தாழம்பூ வாசம் வீசியது. காந்தியைத் திட்டியவனுக்குக் கேடு வந்தது. மகாத்மா உண்மையானவர் என்றால் இந்தக் கூரை எழும்பட்டும் என்று சவால் விட்டவனின் கூரை எழும்பியது, அவன் கும்பிட்ட பிறகுதான் இறங்கியது. மகாத்மாவுக்கு நேர்ந்துகொண்டவர்களுக்குக் காணாமல்போன பொருள் கிடைத்தது.

இதில் ஒன்றையும் காந்தி செய்யவில்லை, சொல்லவும் இல்லை. அந்த மக்களில் பெரும்பாலோர் அவர் பேச்சைக் கேட்டதுகூட இல்லை. ஊரில் ஏற்கெனவே இருந்த சாமி, நேர்த்திக்கடன், சாபம் ஆகிய பழக்கங்களை எடுத்து அவர்களாகவே ஒரு மகாத்மாவைச் செய்துகொண்டார்கள். அப்படிச் செய்தவர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அடுத்த பிப்ரவரியில் அதே கோரக்பூர் மாவட்டத்து சௌரி சௌராவில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட போலீசார் இறந்தார்கள். அகிம்சை பேசியவரின் பெயரை முழங்கியவர்கள்தான் அதைச் செய்தார்கள். காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார், உண்ணாவிரதம் இருந்தார். கரிஸ்மா அவருக்கு இருந்தது என்று சொல்வதைவிட, அது கோரக்பூர் விவசாயிகளிடம் இருந்தது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, அப்படிப்பட்ட தலைவர் போனபின்? வேபர் இதில் மெனக்கெட்டிருக்கிறார். கரிஸ்மா நிலைக்காது, ஏதோ ஒரு வகையில் அன்றாட ஏற்பாடாக மாறியே ஆக வேண்டும். அடையாளங்களைப் பார்த்து வாரிசைத் தேடலாம். தலாய் லாமாவைத் தேடுவதுபோல. தலைவரே ஒருவரைக் கைகாட்டலாம். சடங்கின் மூலம் பதவிக்கு மாற்றலாம். பாதிரியாருக்குத் தலையில் கைவைத்துத் திருநிலைப்படுத்துவது அதுதான். இல்லையென்றால் ரத்தத்தில் ஓடுவதாக நம்பலாம். இந்தக் கடைசி வகையை அவர் குலக் கரிஸ்மா என்றார், இந்தியச் சாதி அமைப்பைப் பற்றி எழுதும்போது அதற்குப் பெரிய இடம் கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு ஓட்டுப் போடும் நாட்டில் இதற்கு உரை தேவையில்லை.

ஆனால் ரத்தமோ தாலியோ மட்டும் போதாது என்பதற்கு ஆண்டிபட்டியைப் பார்க்கலாம். 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். பிரச்சாரத்துக்கு வரவே இல்லை. ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அவர் 1987 டிசம்பரில் இறந்த பிறகு முதல்வரான மனைவி ஜானகியின் ஆட்சி 24 நாள் நீடித்தது. 1989 தேர்தலில் அவர் அதே ஆண்டிபட்டியில் நின்று தோற்றார். கட்சி கடைசியில் போய்ச் சேர்ந்தது ஜெயலலிதாவிடம். ஊர் தான் கொடுத்ததை யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்பதைத் தானே முடிவு செய்தது.

கரிஸ்மா பற்றிய வேபரின் எழுத்து ஆங்கிலத்துக்குப் போனது 1940களின் பின்பாதியில். சில ஆண்டுகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குள் இருந்த கரிஸ்மா, 1960களில் ஜான் கென்னடியைப் பற்றி எழுதும் பத்திரிகைகள் வழியாகத் தெருவுக்கு வந்தது. அந்தப் பயணத்தில் ஒன்று தொலைந்தது. வேபரிடம் அது பாராட்டுச் சொல் இல்லை. நல்லவன், கெட்டவன் இருவரையும் ஒரே தராசில் வைக்கும் ஆய்வுச் சொல். ஹிட்லரின் ஆட்சியை விளக்க வரலாற்றாசிரியர்கள் அந்தச் சொல்லைத்தான் பிறகு எடுத்தார்கள். பத்திரிகைகளின் கையில் அது அழகான பல்வரிசை, தெளிவான குரல், கேமராவுக்கு முன் தடுமாறாத உடம்பு என்று ஆனது. பின்பற்றுகிறவர்கள் படத்திலிருந்து வெளியே போய்விட்டார்கள்.

கென்னடி தேர்ந்தெடுக்கப்பட்ட அதே 1960-இல்தான் சொல்லின் பழைய கிளையும் துளிர்த்தது என்பது யாரும் திட்டமிடாத ஒற்றுமை. அந்த ஏப்ரலில் கலிபோர்னியாவின் வான் நைஸில் டெனிஸ் பென்னட் என்ற எபிஸ்கோப்பல் பாதிரியார், தான் அந்நிய பாஷையில் பேசும் வரம் பெற்றதாகத் தன் சபையிடம் சொன்னார். அதுவரை பெந்தெகொஸ்தே சபைகளோடு நின்றிருந்த பழக்கம் மற்ற சபைகளுக்குள்ளும் நுழைந்தது. 1967-இல் பிட்ஸ்பர்க்கின் டியூகேன் பல்கலைக்கழகத்திலிருந்து கத்தோலிக்கர்களிடமும் பரவியது. தமிழ்நாட்டில் 'அருங்கொடை இயக்கம்' என்ற பெயரில் நடக்கும் செபக் கூட்டங்கள் அதன் தொடர்ச்சி. அங்கே பாடி, கைதட்டி, பாஷை பேசுகிறவர்கள் கரிஸ்மா என்ற சொல்லை பவுலின் பொருளுக்கு மிக அருகில் வைத்திருக்கிறார்கள்.

கம்பெனிகள் அந்தச் சொல்லை எடுத்தது 1970களின் பின்பாதியிலிருந்து. ஊழியர்களை உசுப்பேற்றும் முதலாளி எப்படிப் பேசுகிறார் என்று நிர்வாகவியல் துறையினர் அளக்கத் தொடங்கினார்கள். லோசான் பல்கலைக்கழகத்தின் ஜான் அன்டோனாகிஸும் அவருடைய குழுவினரும் 2011-இல் கரிஸ்மாவைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று சோதித்து, முடியும் என்றார்கள். உவமை சொல், கதை சொல், கேள்வி கேட்டு நிறுத்து, மூன்று மூன்றாக அடுக்கு, கேட்பவர்கள் மனதில் இருப்பதை நீ சொல்லிவிடு, கை அசைவையும் குரலையும் பழக்கு. மொத்தம் பன்னிரண்டு உத்திகள். திராவிட இயக்க மேடைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. உத்திகள் பலிக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்பவர்களை ஈர்க்கும் பேச்சும், ஒருவருக்காக வேலையை உதறிவிட்டு ஜெயிலுக்குப் போகவைக்கும் நம்பிக்கையும் ஒன்று என்று யாராவது சொன்னால் பயிற்சிக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

கடைசியாக இளைஞர்கள் சொல்லையே நறுக்கிவிட்டார்கள். க-ரிஸ்-மா. முன்னையும் பின்னையும் வெட்டினால் நடுவில் மிஞ்சுவது 'ரிஸ்'. எதிராளியை மயக்கிப் பேசும் திறமை என்று பொருள். காதலிக்க ஆள் தேடும் விஷயத்தில்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். இணைய ஒளிபரப்பாளர் கை செனாட் மூலம் அது பரவியது. 2023-இன் ஆண்டுச் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டு ஜூனில் அதன் புழக்கம் எகிறியதற்கு நடிகர் டாம் ஹாலண்டின் ஒரு பேட்டி காரணம். உங்களுடைய ரிஸ் ரகசியம் என்ன என்று கேட்டதற்கு, என்னிடம் அது துளிகூட இல்லை என்றார்.